மென்பொருளும் ஒரு வக்பு போல

(பொன்விழா நிகழ்வின் இளைஞர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)







ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சங்கத்தைத் தங்கள் உழைப்பாலும் சந்தாவாலும் தாங்கி நின்ற பெரியவர்களுக்கு முதலில் எங்கள் நன்றி. அல்ஹம்துலில்லாஹ்.

இளைஞர் பிரிவின் சார்பில் கணினி பற்றிப் பேச வேண்டும் என்று நிர்வாகம் கேட்டுக்கொண்டது. எங்களில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் ஒருவரும் இல்லை. கடை வைத்திருப்பவர்கள், பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவர்கள், ஓர் ஆசிரியை, படிவம் 5 படிக்கும் இரண்டு மாணவர்கள், அவ்வளவுதான். ஆனாலும் கடந்த ஓராண்டாகச் சனிக்கிழமை இஷாவுக்குப் பின் கூடி, ஒரு தொழுகை நேரச் செயலியின் மூல நிரலை இறக்கி, கட்டமைத்து, அதற்குத் தமிழும் சேர்த்துக் கொடுத்தோம். நம் சமுதாயத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இப்போது நிற்கிறோம்.

மூல நிரல் என்றால் என்ன?

நாசி கண்டார் கடைக்குப் போகிறோம். குழம்பு ருசியாக இருக்கிறது. காசு கொடுத்துச் சாப்பிடலாம், பொட்டலம் கட்டி வாங்கலாம். ஆனால் அதில் என்ன மசாலா, எந்தப் பக்குவம் என்பது கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். நாம் வாங்கும் பெரும்பாலான மென்பொருள்கள் இப்படித்தான். சமைத்த குழம்பு நம் கைக்கு வரும், பக்குவம் வராது.

மனிதர் படிக்கும்படி எழுதிய பக்குவக் குறிப்புதான் மூல நிரல். இயந்திரத்துக்கு அது நேரடியாகப் புரியாது. அதை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் வேலைக்குத் தொகுத்தல் என்று பெயர். கம்பைல் செய்வது என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். மூல நிரலை எல்லாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று அனுமதித்தால் அது திறந்த மூல மென்பொருள்.

1983ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் குனு என்ற திட்டத்தை இந்த நோக்கத்தோடு அறிவித்தார். 1991 ஆகஸ்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிக்கொண்டிருந்த லினக்ஸ் பற்றி உலகுக்குச் சொன்னார். இன்று இந்த மண்டபத்தில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் அடித்தளமும் அந்த லினக்ஸ்தான். நம் அரசாங்கமும் 2004இல் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டு, மாம்புவின் கீழ் அதற்கென ஒரு மையத்தை அமைத்தது.

எட்டு நிமிடம்

இதெல்லாம் நம் வீட்டுக்குள் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். சுபுஹு நேரத்தில் வருகிறது.

2019 நவம்பர் இறுதியில் மலேசியாவில் சுபுஹு நேரம் தள்ளிப்போனது பலருக்கு நினைவிருக்கும். அதுவரை சூரியன் அடிவானத்துக்கு 20 பாகை கீழே இருக்கும்போது சுபுஹு தொடங்குவதாகக் கணக்கிட்டு வந்தார்கள். ஆய்வுகளுக்குப் பிறகு அந்த அளவு 18 பாகை என்று மாற்றப்பட்டது. சூரியன் 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுவதாகத் தெரிகிறது. ஆக, ஒரு பாகைக்கு 4 நிமிடம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக எழுகிறது. 2 பாகை என்றால் 8 நிமிடத்துக்குச் சற்றே கூடக்குறைய வரும்.

நிரலில் இது ஒரே ஓர் எண். 20 என்று இருக்கும் இடத்தில் 18 என்று எழுதித் திரும்பத் தொகுத்தால் முடிந்தது. மூல நிரல் திறந்திருக்கும் செயலியில் அந்த எண்ணை யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். பூட்டிய செயலியில் எந்த எண் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது. உரிமையாளர் மாற்றும்வரை காத்திருக்க வேண்டும். அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டால் பழைய கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். தொழுகை நேரத்துக்காக ஜாக்கிம் நம் மாநிலத்தை நான்கு வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது. ஜொகூர் பாருவும் கோத்தா திங்கியும் மெர்சிங்கும் கூலாயும் ஒன்று. குளுவாங்கும் பொந்தியானும் ஒன்று. பத்து பகாட், மூவார், சிகாமாட் ஒன்று. கிழக்கே உள்ள தீவுகள் ஒன்று. மூவார் ஜொகூர் பாருவுக்கு மேற்கே ஏறத்தாழ 1.2 பாகை தள்ளி இருக்கிறது. கணக்குப்படி அங்கே சூரியன் மறைய நாலைந்து நிமிடம் கூடுதலாகும். மூவாரில் உள்ள ஒருவர் ஜொகூர் பாரு என்று அமைத்த செயலியைப் பார்த்து நோன்பு திறந்தால், சூரியன் மறையும் முன்பே திறந்தவர் ஆகிவிடுவார். ஒரு நாள் முழுக்க இருந்த நோன்பு ஒரு மென்பொருளின் அமைப்பில் தங்கியிருக்கிறது. அதனால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே வேண்டும் என்கிறோம்.

தொகுத்துப் பார்த்தபோது

முதல் சனிக்கிழமை, பழைய மடிக்கணினி ஒன்றில் நிரலை இறக்கினோம். தொகுக்கத் தொடங்கியதும் அது கேட்ட துணைப் பொதிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பாதி வழியில் நின்றது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. படிவம் 5 தம்பி ஒருவர் அந்தச் செய்தியை நிதானமாக மேலிருந்து படித்துக்கொண்டு வந்தார். நாற்பது வரி பிழை வந்தாலும் முதல் பிழைதான் காரணம், மற்றவை அதன் வால் என்பதை அன்று எல்லாரும் கற்றோம். துணைக் கருவி ஒன்றின் பதிப்பு பொருந்தவில்லை. சரியான பதிப்பைப் போட்டோம். இரவு பதினொரு மணிக்குத் தொகுப்பு முடிந்து, எங்கள் கையால் கட்டிய செயலி கைப்பேசியில் திறந்தது. வாங்கிய சரக்குக்கும் நாமே அரைத்த மாவுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரிந்தது.

அடுத்தது மொழிபெயர்ப்பு. இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. மேலே ஆங்கில வரி, கீழே வெற்று வரி. அதில் தமிழை எழுத வேண்டும். ஆனால் உண்மையான வாதம் இங்கேதான் நடந்தது. இந்தத் தொழுகையைச் சுபுஹு என்று எழுதுவதா, ஃபஜ்ர் என்று எழுதுவதா? தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் இப்போது ஃபஜ்ர் என்கிறார்கள். இலங்கையில் சுபஹ் என்பார்கள். நாம் மலாய்க்காரர்களோடு சேர்ந்து சுபுஹு என்றே பழகியவர்கள். எங்களுடன் இருந்த ஆசிரியை, வீட்டில் நன்னிமாரிடம் கேட்டு வரச் சொன்னார். கேட்டு வந்தோம். கடைசியில் முதன்மைச் சொல்லாக ஒன்றையும், பயனர் விரும்பினால் மாற்றிக்கொள்ள மற்றொன்றையும் வைக்கலாம் என்று எழுதி அனுப்பினோம்.

அனுப்பியதும் சேர்ந்துவிடவில்லை. திட்டத்தைப் பராமரிப்பவர் எங்கோ தூர நாட்டில் இருப்பவர், தமிழ் தெரியாதவர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் என்று கேட்டார். ஓர் எழுத்து பொத்தானுக்குள் அடங்காமல் வெளியே வழிகிறது என்று படம் பிடித்துக் காட்டினார். குறுகிய சொல் தேடி மீண்டும் அனுப்பினோம். சில வாரங்களுக்குப் பிறகுதான் எங்கள் தமிழ் அதில் இடம்பெற்றது. முகம் தெரியாத ஒருவர் நம் மொழிக்காக அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்தார் என்பதை மறக்க முடியாது.

இலவசம் வேறு, வக்பு வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். திறந்த மூலம் என்றால் சும்மா கிடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சும்மா கொடுப்பதும் நல்ல காரியம்தான். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, பிறகு வந்த முரசு அஞ்சல், 2005இல் வந்த செல்லினம் ஆகியவை இல்லாவிட்டால் நம்மில் பலர் கைப்பேசியில் தமிழில் ஒரு ஸலாம்கூட எழுதியிருக்க மாட்டோம். அந்த நன்றிக்கடன் பெரியது. ஆனால் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த மூலம் ஆகாது. மூல நிரலும் அதைத் திருத்தும் உரிமையும் சேர்ந்து கிடைத்தால்தான் அது திறந்த மூலம்.

நமக்கு எளிதாகப் புரியும் ஒப்புமை வக்பு. இது மார்க்கத் தீர்ப்பு அல்ல. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். ஒரு ஒப்புமையாக மட்டும் சொல்கிறோம். ஒருவர் கிணற்றை வக்பு செய்தால் ஊரே தண்ணீர் எடுக்கலாம். ஆனால் பின்னால் வருபவர் யாரும் அதை வேலி போட்டுத் தன் சொத்து ஆக்கிக்கொள்ள முடியாது. 1989இல் வெளிவந்த குனு பொது உரிமம் இதே வேலையைச் செய்கிறது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றிப் பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் அதே உரிமையோடு கொடுத்தாக வேண்டும். எல்லாத் திறந்த மூல உரிமங்களும் இவ்வளவு கண்டிப்பானவை அல்ல. சில உரிமங்கள் பின்னால் வேலி போட இடம் தருகின்றன. ஆகவே உரிமத்தைப் படிக்காமல் எதிலும் கை வைக்கக் கூடாது.

இந்த ஏற்பாடு சோதனையில் நின்றதற்கு ஒரு சான்று உண்டு. நம்மில் சில கடைக்காரர்கள் கணக்குக்கும் விலைப்பட்டியலுக்கும் லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துகிறோம். அதன் முன்னோடி ஓப்பன் ஆபீஸ். சன் நிறுவனம் 2000இல் அதன் மூல நிரலைத் திறந்துவிட்டது. 2010 தொடக்கத்தில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. முதலாளி மாறினால் கடை என்ன ஆகும் என்ற கவலை அதில் உழைத்தவர்களுக்கு வந்தது. 2010 செப்டம்பர் 28 அன்று அவர்கள் பலர் சேர்ந்து டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்து, அதே நிரலை எடுத்துக்கொண்டு லிப்ரே ஆபீஸ் என்ற பெயரில் நடந்தார்கள். நிறுவனம் கைமாறியது, கிணறு ஊருக்கே நின்றது.

அமானத்

நன்மையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது வியாபாரப் பேச்சாகிவிடும். ஆபத்தையும் சொல்ல வேண்டும்.

2024ஆம் ஆண்டு ரமலானில், மார்ச் 29 வெள்ளிக்கிழமை, உலகம் முழுவதும் கணினி நிர்வாகிகள் திடுக்கிட்டார்கள். எக்ஸ்இசட் என்று ஒரு சிறு மென்பொருள். கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் வேலை அதற்கு. லினக்ஸ் கணினிகளில் ஏறக்குறைய எங்கும் இருக்கும். அதைப் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே ஒருவர், சம்பளமில்லாமல், ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். மனநலம் சரியில்லை, முன்போல் நேரம் கொடுக்க முடியவில்லை என்று 2022இலேயே அவர் வெளிப்படையாக எழுதினார். வேலை மெதுவாகப் போகிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடு என்று சில பெயர்கள் அவரை நெருக்கின. உதவிக்கு வந்தது போல ஒரு பெயர் முன்னால் நின்றது. இரண்டாண்டுக்கு மேல் நல்ல வேலைகள் செய்து நம்பிக்கையைப் பெற்ற அந்தக் கை, கடைசியில் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் திருட்டு வாசல் ஒன்றைச் செருகியது.

எங்கே செருகியது என்பதைக் கவனியுங்கள். எல்லாரும் படிக்கும் நிரல் வரிகளில் வெளிப்படையாக இல்லை. சோதனைக்கென வைத்திருந்த கோப்புகளுக்குள் மறைத்து, தொகுக்கும் நேரத்தில் மட்டும் அது வெளிவந்து சேரும்படி செய்திருந்தார்கள். பக்குவக் குறிப்பு சுத்தம். அடுப்பில் ஏறும்போது கலப்படம். திறந்திருந்தால் மட்டும் போதாது, சொன்ன நிரலிலிருந்துதான் சொன்ன செயலி தொகுக்கப்பட்டதா என்று திரும்பத் தொகுத்துப் பார்க்கவும் ஆள் வேண்டும் என்பதை இந்தச் சம்பவம் காட்டியது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை வினாடிதானே என்று விடாமல் தோண்டினார். மூல நிரலும் தொகுக்கும் முறையும் திறந்திருந்ததால் அவரால் அடி வரை போக முடிந்தது. அந்தப் பதிப்புகள் பரவலாகச் சேரும் முன்பே உலகம் தப்பியது.

இந்தக் கதையில் எங்களை உறுத்துவது அந்தத் தனி மனிதரின் களைப்புதான். உலகமே பயன்படுத்தியது; சுமையை ஒருவர் தூக்கினார். சங்கம் நடத்தும் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே செயலாளர் இருபது ஆண்டு, ஒரே பொருளாளர் முப்பது ஆண்டு என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அவர் தோளில் இருந்த பாரத்தில் பாதியை வாங்கிக்கொள்ள யார் வந்தோம் என்றும் கேட்க வேண்டும். அமானத்தை ஒருவர் தலையில் வைத்துவிட்டு மற்றவர் கந்தூரிச் சோறு மட்டும் சாப்பிட்டுப் போனால், சங்கமும் நிலைக்காது, மென்பொருளும் நிலைக்காது.

நம் எழுத்துக்கு யார் உழைப்பது?

கைப்பேசியில் 'கொ' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் தானாகப் போய் நிற்கிறது. அரபு எழுத்து சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம் எடுக்கிறது. இந்த இரண்டு வேலையையும் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற ஒரே திறந்த மூல மென்பொருள். ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் அதுதான் உள்ளே இருக்கிறது. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் அதைக் கட்டி வளர்த்தவர். பெயரும் பாரசீகம்தான். ஹர்ஃப் என்றால் நமக்குத் தெரியும், எழுத்து. பாஸ் என்றால் திறந்தது. குர்ஆன் வசனத்தையும் அதன் தமிழ் மொழிபெயர்ப்பையும் ஒரே திரையில் பார்க்கும்போது, பின்னால் இவருடைய, இவரைப் போன்ற பலருடைய உழைப்பு நிற்கிறது.

நமக்கென்று மட்டும் இருக்கும் வேலைகளை வெளியார் வந்து செய்ய மாட்டார்கள். அரபுத் தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர்கள் அரபு எழுத்தில் சில எழுத்துகளைக் கூட்டி ஜாவி எழுதினார்கள். நம் முன்னோர் அதேபோல் கூட்டி அரபுத் தமிழ் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'மஃகானி' அந்த எழுத்தில் வந்த நூல். இங்கே உள்ள எத்தனையோ வீட்டு அலமாரிகளில் நன்னாமார் விட்டுச்சென்ற அத்தகைய ஏடுகள் கிடக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

கீமேன் என்ற விசைப்பலகை மென்பொருள் 2017 முதல் திறந்த மூலமாக இருக்கிறது. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வர வேண்டும் என்று எளிய விதிகளாக எழுதி, தொகுத்து, யாரும் தம் மொழிக்கு விசைப்பலகை செய்யலாம். நம் எகலப்பை விசைப்பலகையின் தொடக்கப் பதிப்புகளும் கீமேனின் மேல்தான் நின்றன. பிறகு 'தமிழா' குழுவின் முகுந்தராஜ் அதைச் சொந்த நிரலில் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டார். அரபுத் தமிழுக்கு ஒழுங்கான விசைப்பலகை செய்ய நிரலாளர் மட்டும் போதாது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவரும் பக்கத்தில் உட்கார வேண்டும். பெரியவர் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

சங்கத்தின் ஐம்பது ஆண்டுக் கூட்டக் குறிப்பேடுகளும் இருக்கின்றன. அச்சில் வந்த மலர்களையும் அறிக்கைகளையும் படமெடுத்து, டெசராக்ட் என்ற திறந்த மூல மென்பொருளால் தமிழ் எழுத்தாக மாற்றித் தேடும்படி செய்யலாம். கையெழுத்தில் உள்ள ஏடுகளை அதனால் சரியாகப் படிக்க முடியாது; அவற்றைக் கண்ணால் படித்து உள்ளிட ஆள் வேண்டும்.

கேட்டுக்கொள்வது

ஆகவே நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கணினி முன்னால் உட்கார்ந்தால் விளையாட்டு என்று மட்டும் எண்ணாதீர்கள். என்ன செய்கிறாய், காட்டு என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளையும் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்புங்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைதான் இதில் பாதிக்கு மேல்.

மாணவர்களே, பெரிய நிரல் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். பிழை கண்டால் முறையாக எழுதி அனுப்புங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, திரையில் என்ன நேரம் வந்தது, சரியான நேரம் என்ன என்று நாலு வரி எழுதினால் அதுவும் ஒரு பங்களிப்பு.

பெரியவர்களே, உங்களிடம் உள்ள சொல்லும் எழுத்தும் எங்களுக்கு வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள். அரபுத் தமிழ் ஏடு வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வணிகர்களே, திறந்த மூல மென்பொருளால் கடையில் மிச்சமாகும் செலவில் ஒரு சிறு பகுதியை அதைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். கிணற்றில் தண்ணீர் எடுப்பவர் வருடத்துக்கு ஒருமுறை தூர் வாரவும் வர வேண்டும்.

மனிதர் மறைந்த பின்னும் நன்மை தொடரும் காரியங்களில் பிறர் பயன்பெறும் கல்வியும் ஒன்று என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். யாரோ ஒருவர் சுபுஹுக்கு எழ உதவும் ஒரு வரியை நாம் எழுதிச் சேர்த்திருந்தால், அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு என்று ஆதரவு வைக்கிறோம்.

இந்தச் சங்கத்தைத் தொடங்கி நடத்தி மறைந்த பெரியவர்களின் கப்ருகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. இருப்பவர்களுக்கு ஆஃபியத்தைத் தருவானாக. நம் பிள்ளைகளைப் பயனுள்ள கல்வியின் வழியில் நடத்துவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.